தோட்டப்புறத்தில் ஒரு செயலி ஆய்வு: ஆட்கள் கைப்பேசியில் கற்றுக்கொள்வதை நேரில் பார்த்து எழுதும் முறை

கல்லூரிப் படிப்புக்காக ஆய்வு செய்கிறவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், சொந்தமாக ஒரு செயலியோ மின்பாடமோ செய்து பார்க்கும் இளைஞர்கள், இவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுன்தான் களம். கடைத்தெரு, பேங்க், கிளினிக் ஒரு பக்கம், கொஞ்சம் தள்ளிப் போனால் பால்மரமும் செம்பனையும், இடையில் தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்).

முறை இதுதான். ஒருவர் கைப்பேசியில் ஒரு வேலையைச் செய்கிறார். செய்யும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்கிறார். நீங்கள் பார்த்து எழுதுகிறீர்கள். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் இடறுவது இரண்டு இடங்களில்: படிகளின் வரிசையில், அப்புறம் தங்கள் வாயில்.

கிளினிக் அப்பாய்ன்மெண்ட் எடுக்கும் செயலி ஒன்றையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

“தோட்டப்புற மக்கள் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?” என்று ஆரம்பித்தால் பத்துப் பேரைப் பார்த்த பிறகும் கையில் ஒன்றும் நிற்காது. ஒவ்வொருவரிடமும் வேறு வேறு விஷயம் தெரியும், எதை எதோடு சேர்ப்பது என்று புரியாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: “ஐம்பது வயதைத் தாண்டிய, மலாய் ஓரளவு படிக்கத் தெரிந்த ஒருவர் முதல் முறையாக அப்பாய்ன்மெண்ட் எடுக்கும்போது எந்தப் பக்கத்தில் நின்றுவிடுகிறார்? அங்கிருந்து எப்படி வெளியே வருகிறார்?” யார், எந்த வேலை, எதைப் பார்க்கப் போகிறோம், மூன்றும் இதில் இருக்கின்றன. “எப்படி வெளியே வருகிறார்” என்ற பாதியை விட்டுவிடாதீர்கள். கற்றல் நடப்பது அங்கேதான்.

2. வேலைத்தாளை எழுதுங்கள்

பலரும் ஆளைத் தேடிப் பிடித்த பிறகுதான் அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். வேலை தெரிந்தால்தான் யார் வேண்டும் என்பதும் தெரியும். அனுமதி கேட்கும் இடத்திலும் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான்.

வேலையை ஒரு நிலைமையாகச் சொல்லுங்கள். “உங்களுக்கு இனிப்பு நீருக்கு மருந்து தீரப் போகிறது. அடுத்த வாரம் காலையில் கிளினிக்குப் போக நாள் எடுக்க வேண்டும்.” இவ்வளவு போதும். திரையில் இருக்கும் சொல்லை வேலைத்தாளில் போட்டுவிடாதீர்கள். “தெமு ஜன்ஜி என்ற இடத்தை அழுத்தி நாள் எடுங்கள்” என்று எழுதினால் (அப்பாய்ன்மெண்டுக்கு மலாய்ச் சொல் அது), அவர் அந்த எழுத்தைத் தேடிப் பிடிப்பார், அவ்வளவுதான். அந்தச் சொல் அவருக்குப் புரிகிறதா என்பதை இனி நீங்கள் தெரிந்துகொள்ள வழியில்லை.

எங்கே நிறுத்துவது என்பதையும் தாளிலேயே குறித்துவிடுங்கள். உறுதிசெய்யும் கடைசிப் பொத்தானுக்கு முன்னால் நிறுத்த வேண்டும். அழுத்திவிட்டால் நிஜமாகவே ஒரு நோயாளியின் இடம் போய்விடும். பேங்க், சேமநிதி மாதிரி பணம் நடமாடும் செயலிகளை உண்மையான கணக்கில் சோதிக்கவே கூடாது. அதற்குத் திரைகளைத் தாளில் வரைந்து, அழுத்த அழுத்த நீங்கள் தாளை மாற்றிக் காட்டினால் போதும்.

ஓர் ஆளுக்கு மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். முக்கால் மணி நேரம் தாண்டினால் அவர் களைத்துவிடுவார். அதற்குப் பிறகு செயலியைப் பார்க்க மாட்டார், கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

3. அனுமதி

உயர்கல்வி மாணவர் என்றால் உங்கள் கல்விக்கூடத்தின் ஆய்வு நெறிக்குழு. பள்ளிக்குள் மாணவர்களையோ ஆசிரியர்களையோ வைத்துச் செய்தால் கல்வி அமைச்சின் கொள்கை ஆய்வுப் பிரிவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ‘இராஸ்’ (eRAS) என்று சொல்வார்களே, அந்த இணைய விண்ணப்ப முறைதான். தலைமையாசிரியர் சரி என்று தலையாட்டினால் மட்டும் போதாது. அந்தக் கடிதம் வர நேரம் எடுக்கும், பள்ளி விடுமுறையையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

தோட்டத்துக்குள் போவதானால் ஆபீசில் மேனேஜரிடமோ கிராணியிடமோ (எழுத்தரிடமோ) சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆனால் ஆட்களை அவர்கள் மூலமாகக் கூப்பிடாதீர்கள். மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கும் கங்காணி, சொல்லி வந்தவர் மாட்டேன் என்று சொல்ல முடியாமல்தான் வந்திருப்பார். உட்கார்ந்த பிறகும் ஆபீசுக்குப் பிடித்த பதில் எதுவோ அதைத்தான் தேடுவார்.

சம்மதத் தாளை நீட்டி “இங்க ஒரு கையெழுத்து” என்று முடித்துவிடாதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டுங்கள். எதைப் பதிவு செய்வீர்கள், யார் கேட்பார்கள், எப்போது அழிப்பீர்கள், பாதியில் எழுந்து போகலாம், இந்த நாலும் அதில் இருக்க வேண்டும். ஐசி (அடையாள அட்டை) எண்ணை வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

4. எத்தனை பேர், யார்

ஐந்து பேர் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். 1993இல் பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் போட்ட கணக்கிலிருந்து வந்த பேச்சு அது. ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருகிறார் என்று வைத்தால், ஐந்து பேரில் ஏறக்குறைய 85 சதவீதம் வந்துவிடும்.

ஒரே மாதிரி ஆட்கள், ஒரே மாதிரி வேலை என்றால்தான் அந்தக் கணக்கு செல்லும் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியும், தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் அவர் மகளும் ஒரே கும்பல் இல்லை. இரண்டு கும்பலையும் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேரை எடுங்கள். “நூற்றுக்கு இத்தனை பேரால் முடியவில்லை” என்று எழுதவும் இந்த எண்ணிக்கை உதவாது. எந்த இடத்தில், ஏன் நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் இது.

கோயில் கமிட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று ஒரே வாசலில் ஆள் பிடித்தால் பொதுக்காரியத்தில் ஓடியாடுகிறவர்களே வந்து நிற்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் அழைப்புப் போட்டால் அதைவிட மோசம், வாட்ஸ்அப்பே தெரியாதவர் உங்கள் ஆய்வில் இருக்கவே மாட்டார். கடைத்தெரு, கிளினிக் வாசல், சாப்பாட்டுக் கடை என்று இரண்டு மூன்று இடங்களில் நேரில் கேளுங்கள்.

5. நேரமும் இடமும்

பால்மர வெட்டுக்குப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்தவர்கள். மத்தியானம் வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார்கள். நாலு மணிக்குப் பிறகு போங்கள். வெள்ளிக்கிழமை மாலை கோயில் நேரம். மாதத் தொடக்கத்தில் சம்பளம் போடும் நாட்களையும் தவிருங்கள் (சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் போட்டாக வேண்டும்), அன்றைக்கு மனம் பேங்கிலும் மளிகைக் கடையிலும் இருக்கும்.

மாலை மழையை மறக்காதீர்கள். தகரக் கூரையில் மழை இறங்கினால் ஒலிப்பதிவில் ஒரு சொல் தேறாது. மழை பிடித்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வருவதுதான் சரி.

இடம் அவர் வீடாக இருப்பதே நல்லது, அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலேயே. மண்டபத்தில் மேசை போட்டு உட்கார வைத்தால் பரீட்சை எழுத வந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

6. பையில் என்ன

வேலைத்தாள், சம்மதத் தாள், இரண்டு பேனா. குரலைப் பதிவு செய்ய உங்கள் கைப்பேசி. இணைய வசதியை நீங்கள்தான் பகிர வேண்டும், அவருடைய ப்ரீபெய்ட் டேட்டாவைக் கரைப்பது நியாயமில்லை. எழுத்து தெரியவில்லை என்று பாதியில் எழுந்து கண்ணாடி தேடப் போகிறவர்கள் உண்டு, அதனால் ஒரு வாசிப்புக் கண்ணாடியும் இருக்கட்டும்.

வேலையை அவருடைய சொந்தக் கைப்பேசியில் செய்யச் சொல்லுங்கள். அவர் வைத்திருக்கும் எழுத்தளவு, மொழி, கீறல் விழுந்த திரை எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய அனுபவம். உங்கள் புதுக் கைப்பேசியில் செய்தால் கைப்பேசியைப் பழகுவதற்கே பாதி நேரம் போய்விடும். ஆரம்பிக்கும் முன் அறிவிப்புகளை அவரையே நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள், குடும்பச் செய்தி எதுவும் உங்கள் கண்ணில் பட வேண்டாம்.

அன்பளிப்பாக டாப் அப் கொடுப்பதானால் உட்கார்ந்ததும் கொடுத்துவிடுங்கள். முடிவில் கொடுத்தால், சரியாகச் செய்ததற்குக் கிடைத்தது என்று ஆகிவிடும். அடுத்து வருகிறவர் காதுக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும்.

7. ஒத்திகை

தெரிந்த ஒருவரை வைத்து ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வேலைத்தாளில் புரியாத வரி, சார்ஜ் தீரும் கைப்பேசி எல்லாம் இதில் தெரிந்துவிடும். ஒத்திகையில் கிடைத்ததை முடிவுகளோடு சேர்க்காதீர்கள்.

8. தொடக்கப் பேச்சு

எல்லோரிடமும் ஒரே பேச்சைப் பேச வேண்டும், அதனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதைப் பேசுகிற மாதிரியே சொல்லுங்கள்:

“அம்மா, உங்களைச் சோதிக்க வரல. இந்தச் செயலி நல்லா செஞ்சிருக்கானு பார்க்கத்தான் வந்திருக்கேன். செய்யும்போது மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லுங்க, தனியா இருக்கும்போது முணுமுணுப்போமே, அந்த மாதிரி. இடையில கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். கோபம்னு நினைச்சுக்காதீங்க. முடிஞ்சதும் எல்லாத்தையும் சொல்லித் தரேன்.”

கடைசி வரி இல்லாவிட்டால் நீங்கள் சும்மா இருப்பது மரியாதைக் குறைவாகப் படும். அம்மா, ஐயா, அண்ணே, அக்கா, அவரை வழக்கமாக எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். ஆய்வுக்காக ஒரு புது மரியாதை வேண்டாம்.

பிறகு சின்னப் பயிற்சி: “உங்க வீட்டுல எத்தனை சன்னல்? மனசுலயே வீட்டைச் சுத்தி வந்து, வாய்விட்டு எண்ணிச் சொல்லுங்க.” “முன்ஹால்ல ரெண்டு... சமையக்கட்டுல ஒண்ணு, அது திறக்காது...” என்று வர ஆரம்பித்தால் அவர் தயார். இதைத் தாண்டிக் குதித்து நேரே வேலைக்குப் போனால் முதல் பத்து நிமிடம் வெறும் மௌனம்தான் கிடைக்கும்.

9. வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்

எல்லாப் படிகளிலும் கஷ்டமானது இது. உங்கள் அம்மா வயதுள்ள ஒருவர் தவறான இடத்தை மூன்றாவது முறை அழுத்தும்போது விரல் துறுதுறுக்கும். கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டிப் பார்ப்பதும், “ம்ம்” என்று இழுப்பதும், சரியான பொத்தான் பக்கம் கண் போவதும்கூட உதவிதான். ஆட்கள் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தால், நீங்கள் எதையோ காட்டிக்கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அவருக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கால் நிமிடம் பேச்சு வரவில்லையென்றால் “பேசிக்கிட்டே இருங்க” என்று மட்டும் சொல்லுங்கள். “ஏன் அதை அழுத்தினீங்க?” என்று கேட்காதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஆண்டர்ஸ் எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் 1980இல் இந்த முறைக்கு அடிப்படை போட்டபோதே இந்த வேறுபாட்டைக் காட்டினார்கள். மனதில் ஏற்கெனவே சொல்லாக ஓடுவதை வெளியே விட்டால் வேகம் கொஞ்சம் குறையலாம், யோசிக்கும் பாதை பெரிதாக மாறாது. காரணம் கேட்டால் அவர் அந்த நொடியில் ஒரு காரணத்தைத் தேட வேண்டியிருக்கிறது, தேடும்போது யோசனையே வேறு பாதையில் போய்விடுகிறது. “ஏன்”களை ஓரமாகக் குறித்துவைத்துக்கொண்டு வேலை முடிந்த பிறகு கேளுங்கள்.

வேகம் குறையும் என்பதால் இன்னொன்று: இந்த அமர்வில் எடுத்த நிமிடக் கணக்கை “இவருக்கு இவ்வளவு நேரம் ஆனது” என்று அறிக்கையில் போடாதீர்கள். வேகம் தெரிய வேண்டுமானால் பேசாமல் செய்யச் சொல்லித் தனியாக அளந்து பாருங்கள்.

“நல்லா இருக்கா?” என்ற கேள்வியும் வேண்டாம். “நல்லா இருக்குப்பா” என்றுதான் வரும். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்த பிள்ளையிடம் வேறு என்ன சொல்வார்கள்?

எப்போது உதவலாம்? ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்து, “எனக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று தன்னைக் குறை சொல்ல ஆரம்பித்தால் அங்கே நிறுத்துங்கள். “இந்த இடத்தில் எல்லாரும் நிக்கிறாங்கம்மா” என்று பொய் சொல்ல வேண்டாம், “இந்த இடம் எங்களுக்கு முக்கியமா தெரியணும், நல்லா காட்டிட்டீங்க” என்பது உண்மை, அதுவே போதும். உதவி செய்த இடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

வாய் திறக்கவே கூச்சப்படுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பேசாமலே செய்யவிட்டு, திரையைக் காணொளியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். முடிந்ததும் அதை ஓடவிட்டு “இங்க என்ன நினைச்சீங்க?” என்று கேளுங்கள். உடனே கேட்க வேண்டும், மறுநாள் கேட்டால் நினைவோடு கற்பனையும் கலந்து வரும்.

10. பேத்தி வந்து உட்கார்ந்தால்

பாட நூல்கள் ஒருவரைத் தனி அறையில் உட்கார வைக்கச் சொல்லும். தோட்டத்து வீட்டில் அது நடக்காது. பாட்டி கைப்பேசியை எடுத்தால் பக்கத்தில் பேத்தி வந்துவிடுவாள். புதியவர்கள் பிள்ளையை வெளியே விரட்டுகிறார்கள். அது தப்பு என்பது என் கருத்து. அந்த வீட்டில் செயலியைப் பயன்படுத்துவதே அந்த இரண்டு பேர் சேர்ந்துதான். ஒருவரை வெளியே அனுப்பினால், அங்கே வழக்கத்தில் இல்லாத ஒன்றைத்தான் ஆய்வு செய்வீர்கள்.

இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைப்பதும் முறைதான். ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாகே 1986இல் வெளியிட்ட ஆய்வில், தையல் இயந்திரம் எப்படித் தையல் போடுகிறது என்று இரண்டிரண்டு பேராகப் பேசிப் புரிந்துகொள்ள வைத்தார். ஒருவர் முன்னின்று செய்வார், மற்றவர் தள்ளி நின்று பார்த்துக் கேள்வி கேட்பார். தனியாக இருப்பவரை “பேசுங்க பேசுங்க” என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது, இருவர் இருந்தால் பேச்சு தானாக வருகிறது.

இரண்டு விதிகள் போதும். கைப்பேசி பாட்டி கையில்தான் இருக்க வேண்டும், பேத்தி வாயால் சொல்லலாம், விரலால் தொடக் கூடாது. இல்லாவிட்டால் மூன்று நொடியில் அவளே எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓடிவிடுவாள். இரண்டாவது, யார் சொன்னது, யார் அழுத்தியது என்று தனித்தனியாக எழுதுங்கள். பேத்தி சொல்லி பாட்டி அழுத்தியதைப் பாட்டி கற்றுக்கொண்டதாகக் கணக்கு எழுதக் கூடாது.

தனியாகச் செய்தவர்களையும் ஜோடியாகச் செய்தவர்களையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

11. அன்றைக்கே எழுதுங்கள்

வீட்டுக்குப் போனதும், குளித்துச் சாப்பிடும் முன்னாலேயே என்றாலும் நல்லதுதான், குறிப்பை விரித்து எழுதிவிடுங்கள். மூன்று பத்தி போதும்: செய்தது, சொன்னது, நான் நினைப்பது. மூன்றாவதை முதல் இரண்டோடு கலக்காமல் வைப்பதில்தான் ஆய்வின் தரமே இருக்கிறது. ஒரு துண்டைப் பாருங்கள்:

செய்தது: நாளைத் தேர்ந்தெடுத்தார். திரையின் அடியைப் பார்க்கிறார். தள்ளவில்லை. மேலே இணையக் குறியைப் பார்க்கிறார்.
சொன்னது: “இங்க ஒண்ணுமே இல்லையே... லைன் போச்சா?”
நான் நினைப்பது: எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தான் திரைக்குக் கீழே இறங்கிவிட்டது. கீழே இன்னும் இருக்கிறது என்று காட்ட எந்த அடையாளமும் இல்லை.

இதையே புதியவர் “பயனருக்குத் திரையைத் தள்ளத் தெரியவில்லை” என்று ஒரு வரியில் எழுதிவிடுவார். அதே அம்மா வாட்ஸ்அப்பில் பேரன் படங்களை வரிசையாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர். தெரியவில்லை என்று எழுதினால் தீர்வு வகுப்பு எடுப்பது என்றாகும். பொத்தான் மறைந்துவிட்டது என்று எழுதினால் தீர்வு திரையை மாற்றுவது.

விரலையும் கவனியுங்கள். பல வருடம் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய விரலைத் திரை சில சமயம் உணராது. அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருப்பார், ஒன்றும் நடக்காததால் தப்பு என்று நினைத்து வேறு இடத்துக்குப் போவார். ஒலிப்பதிவில் இது வராது, பார்த்தவர் எழுதினால்தான் உண்டு.

12. ஒரு வாரம் கழித்து மறுபடி

முதல் நாள் முடித்துவிட்டதை வைத்துக் கற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. உளவியல் ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். உடனே தெரிவது ஒன்று, தங்குவது வேறு.

அதனால் முதல் சம்மதத்திலேயே இரண்டாவது வருகையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதே வேலையை, நாளையும் காரணத்தையும் மட்டும் மாற்றிக் கொடுங்கள். இடைப்பட்ட நாட்களில் யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, செயலி புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன முறை உதவி வேண்டியிருந்த இடத்தைத் தானாகத் தாண்டினால் அதைக் கற்றல் என்று எழுதலாம்.

13. மாற்றி வரைந்து திரும்பச் சோதியுங்கள்

சிக்கல்களை வரிசைப்படுத்தும்போது எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் பார்க்காதீர்கள். வேலையே நின்றுபோனதா என்பதை முதலில் பாருங்கள். ஒரே ஒருவர்தான் மாட்டினார் என்றாலும், அவர் உறுதிசெய்யாமலே அப்பாய்ன்மெண்ட் கிடைத்துவிட்டது என்று நம்பி மூடிவிட்டால் அது பட்டியலின் உச்சிக்குப் போக வேண்டும். அவர் கிளினிக் வாசலில் போய் நின்ற பிறகுதான் விஷயம் தெரியும்.

முதல் மூன்று சிக்கலுக்கு மட்டும் மாற்றுத் திரை வரையுங்கள். பென்சிலும் ஏ4 தாளும் போதும். கணினியில் அழகாகச் செய்து காட்டினால் “பிள்ளை கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கு” என்று குறை சொல்லத் தயங்குவார்கள், பென்சில் கோட்டைத் தயங்காமல் மாற்றச் சொல்வார்கள். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது பலன் தந்தது என்று தெரியாது.

இந்தச் சுற்றுக்கு, செயலியை இதுவரை பார்க்காத புது ஆட்களைத் தேடுங்கள். பழையவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரியும். ஆனால் மாற்றுத் திரையை அவர்களிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள், தாங்கள் சொன்னது எங்கே போயிற்று என்று பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. அப்போது முதல் நாள் சொல்லித் தருகிறேன் என்று சொன்னதில் ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்துவிட்டு, ஒலிப்பதிவை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துவிடலாம்.